வறண்ட ஏரியில் ஒரு நடவு

கோவிந்தசாமி எழுந்து நின்றார்.

வைகாசி வெயில் இறங்கத் தொடங்கியிருந்த நேரம். தண்ணீர் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த ஏரிக்குள் எங்கள் நாடகம் பாதி ஓடியிருந்தது. மேடை கிடையாது, திரை கிடையாது. சுற்றிலும் வட்டமாக ஜனங்கள். நடுவில் ஒரு கயிறு. அதன் ஒரு நுனி என் கையில். மறு நுனியைப் பிடித்திருந்தவர் சொக்கன். எங்கள் காலனிக்காரர், எனக்குச் சித்தப்பா முறை.

கயிற்றை ஒட்டிக் குனிந்து, காய்ந்த மண்ணில் இல்லாத நாற்றை நட்டுக்கொண்டிருந்தான் சாரதி. கோவிந்தசாமியின் ஒரே மகன். அவனுக்குப் பக்கத்தில் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்து, வரப்பில் நடப்பதுபோல் நடந்துகொண்டிருந்தார் என் அம்மா ஞானம்மா. நாடகத்தில் அவர்தான் நிலத்துக்குச் சொந்தக்காரர்.

நிஜத்தில், கோவிந்தசாமியின் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்து என்னை வளர்த்தவர்.

"ஏண்டா, காலையில குடிச்ச கூழு எங்கடா போச்சு? கை நவுர மாட்டேங்குது?" என்றார் அம்மா, குடையை ஆட்டி.

"இதோ ஆண்டே" என்றான் சாரதி, குனிந்தபடியே.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டது. கோவிந்தசாமியின் மகன் என் அம்மாவைப் பார்த்து 'ஆண்டே' என்கிறான். நாடகம்தான். ஆனாலும் கூலிக்காரர் எஜமானரைக் கூப்பிடுகிற அந்தச் சொல் எங்கள் பக்கத்தில் ஒரே திசையில் மட்டும்தான் போகும். திரும்பி வந்து யாரும் கேட்டதில்லை.

அப்போதுதான் அவர் எழுந்தார். என் கையில் கயிறு தளர்ந்தது.

அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் சென்ற வாரம் இந்தத் தொடரில் தில்லிக் குளிரைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "அதெல்லாம் சரி, நாடகம் படித்து என்ன ஆனீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். இந்த ஏரிக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்று சொன்னால் அவருக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

முதுகுப் பக்கத்துக் கூத்து

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகும் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர் என்றால் ஊர் வேறு, காலனி வேறு. நடுவில் வயல். பங்குனியில் ஊரில் கூத்து நடக்கும். எங்களுக்கு அங்கே உட்கார இடமில்லை. வயல் தாண்டி எங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டு பார்ப்போம். கூத்துக் கொட்டகையின் முதுகு எங்களைப் பார்த்துதான் இருக்கும்.

அதனால் நான் கூத்தைப் பின்னாலிருந்தே பார்த்து வளர்ந்தவன். ராஜா வேஷக்காரர் சபையில் கர்ஜித்துவிட்டு இந்தப் பக்கம் வந்து சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிப்பார். ராணி வேஷக்காரர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பீடி பற்றவைப்பார். கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் கொட்டாவி விடுவார். மறுபடி அழைப்பு வந்ததும் முதுகு நிமிரும், கழுத்து நீளும், அந்த ஆள் காணாமல் போய் ராஜா வந்துவிடுவார்.

அந்த முதுகு நிமிர்கிற கணம் எனக்கு அலுத்ததே இல்லை.

காஞ்சிபுரத்தில் மிஷன் விடுதியில் தங்கிப் பள்ளிப் படிப்பு. பிறகு சென்னையில் கல்லூரி. விடுதி நாடகங்களில் எல்லாம் நான் இருப்பேன். தில்லியில் நாடகத்துக்கென்றே ஒரு பள்ளி திறந்திருக்கிறார்கள், உதவித்தொகை உண்டு என்று கல்லூரியில் சொன்னார்கள். விண்ணப்பித்தேன். எடுத்துக்கொண்டார்கள்.

அம்மாவிடம் சொன்னபோது அவர் உலை வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா படிப்பு நைனா அது?"

"நாடகம்மா."

"கூத்தா?"

"கூத்து மாதிரிதான்."

"அதுக்கு இன்னாத்துக்கு தில்லிக்குப் போற? நம்ம ஊர்லயே வருசா வருசம் ஆடிக்கினுதான கீறானுங்க?"

அம்மா அரிசியை உலையில் போட்டுவிட்டு, "சரி போ. சோத்துக்கு வழி கீதான்னு மட்டும் கேட்டுக்கினு போ" என்றார்.

தில்லியில் என் அம்மா

எனக்கு இந்தி தெரியாது. ஆங்கிலம் படிக்க வரும், பேச வராது. முதல் சில மாதங்கள் ஊமையாகத்தான் வகுப்பில் இருந்தேன். பேச்சு இல்லாதவனுக்குக் கண் மட்டும்தான் வேலை. யார் எப்படி உட்காருகிறார்கள், யார் பேசும்போது யார் தரையைப் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அசைவு வகுப்பை எடுத்தவர் ஒரு மராட்டியப் பெண்மணி. நரைத்த கூந்தல், கனத்த குரல். ஒருநாள் எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்தார். உனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரை உன் உடம்பில் கொண்டுவா. வசனம் கூடாது.

நான் அம்மாவைக் கொண்டுபோனேன். குனிந்து நாற்று நட்டேன். பின்னால் பின்னால் நகர்ந்து நட்டேன். முடித்து நிமிர்ந்ததும் ஆசிரியை மற்றவர்களிடம், "இந்தப் பெண் என்ன செய்கிறாள்?" என்று கேட்டார்.

"எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறாள்" என்றான் லக்னோப் பையன் ஒருவன்.

"யாரையோ கும்பிடுகிறாள்" என்றாள் ஒருத்தி.

அது வேலை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர்கள் நெல் வயலையே பார்க்காதவர்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆசிரியை விடவில்லை. "அவள் உடம்பின் கனம் எந்தக் காலில் இருக்கிறது?" என்றார். தெரியவில்லை. "இடது கையில் என்ன பிடித்திருக்கிறாள்? அது கனமா, லேசா?" தெரியவில்லை. "அவளுக்கு எங்கே வலிக்கிறது?"

இருபது வயதுக்கு மேல் ஆகியிருந்தது எனக்கு. பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு எங்கே வலிக்கும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். வீட்டிலிருந்து ஆயிரம் மைலுக்கு அப்பால், ஒரு மரத்தரையில் நின்றுகொண்டு.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அம்மாவோடு நானும் வயலில் இறங்கினேன். என்னைப் படிக்க வைப்பதற்காக அவர் சேற்றில் கால் வைக்கவே விட்டதில்லை. "ஏண்டா, தில்லிக்குப் போய் நடவா கத்துக்கினு வந்த?" என்று கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். நடுப்பகலுக்குள் என் இடுப்பு கழன்றுவிட்டது. பள்ளிக்குத் திரும்பியதும் ஆசிரியை கேட்காமலே மறுபடி நட்டுக் காட்டினேன். இந்த முறை அந்த லக்னோப் பையன் எழுந்து வந்து என் இடுப்பில் கையை வைத்துப் பார்த்தான்.

நாடகப் பள்ளி எனக்கு நடிக்கக் கற்றுக்கொடுத்ததா என்று கேட்டால், சுமாராகத்தான் என்பேன். நான் ஒருநாளும் நல்ல நடிகனாக இருந்ததில்லை. ஆனால் ஒரு ஆளைப் பார்த்தால் அவருடைய கனம் எந்தக் காலில் இருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் பஸ் ஸ்டாப்பில் நின்றால் அதுதான் செய்கிறேன்.

கயித்துக்காரன்

பட்டத்தோடு திரும்பினேன். அந்தப் பட்டத்துக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. சினிமாவுக்குப் போ என்றார்கள். கோடம்பாக்கத்தில் கொஞ்ச நாள் அலைந்தேன், பேஜாராகிப் போயிற்று. கடைசியில் எங்கள் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் சமூகக் கல்விப் பிரிவில் ஒரு இடம் இருந்தது. நாடகம், பாட்டு, படக்காட்சி என்று ஏதாவது செய்து ஜனங்களுக்கு அரசாங்கத் திட்டங்களைப் புரியவைக்க வேண்டும். சேர்ந்துவிட்டேன்.

அதே ஆபீஸில், விவசாயிகளுக்குப் புது முறைகளைச் சொல்லித்தரும் கிராம சேவக்காக இருந்தவன் சாரதி. ஒல்லியான உடம்பு, எப்போதும் ஒரு சைக்கிள், அதன் கேரியரில் ஒரு சுருள் கயிறு. அப்போது ஜப்பான் முறை நெல் சாகுபடி என்று ஊருக்கு ஊர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கயிறு கட்டி, வரிசை பிடித்து, இடைவெளி விட்டு நட வேண்டும். களை எடுக்கச் சுலபம், விளைச்சல் கூடும். கயிற்றில் சாணுக்குச் சாண் சிவப்புத் துணி முடிந்து வைத்திருப்பான் சாரதி. பெண்கள் அவனுக்குக் கயித்துக்காரன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவன் சைக்கிள் தெரிந்தால், "வந்துட்டான்டி கயித்துக்காரன்" என்று முணுமுணுப்பார்கள்.

அவன் கெட்டவன் இல்லை. ஆபீஸில் என்னோடு ஒரே பானையில் தண்ணீர் மொண்டு குடிப்பான். வெளியில் வந்துவிட்டால் கொஞ்சம் தயங்குவான். அவன் வீட்டு வாசலுக்கு நான் போனதில்லை, அவனும் கூப்பிட்டதில்லை.

யூனியன் நடத்தும் விவசாய விழாவுக்கு ஜப்பான் முறையைப் பற்றி ஒரு நாடகம் போட வேண்டும் என்றார் எங்கள் யூனியன் கமிஷனர். "நல்ல விவசாயி கயிறு கட்டி நடுறான், பணக்காரன் ஆயிடுறான். சோம்பேறி விவசாயி கயிறு கட்டல, கெட்டுப்போறான். அவ்வளவுதான் கதை" என்றார்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் கதையைச் சொன்னேன். நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"நடுற பொம்பளைங்க இன்னா ஆனாளுங்க உன் கதையில?" என்றார் அம்மா.

அவர்கள் கதையிலேயே இல்லை.

"கைக்கு வந்த மாதிரி நட்டா ஒரே மூச்சுல குனிஞ்சி நட்டுக்கினே போவோம். கயித்துக்கு நட்டா ஒரு வரிசை முடிஞ்சதும் நிமிரணும். அவன் கயித்த நவுத்துற வரைக்கும் நின்னுக்கினு கீறணும். திரும்ப குனியணும். நிமிந்து நிமிந்து குனியறதுலதாண்டா இடுப்பு போவுது."

இன்னொரு பெண் சேர்ந்துகொண்டாள். "கயித்தப் புடிக்க வர்ற பசங்க பீடி குடிச்சிக்கினு தொளதொளன்னு வுட்டுடுறானுங்க. வரிசை கோணிக்கினு போவுது. ஆண்டை வந்து எங்களத் திட்டறாரு."

ஒரு நாடகத்தில் யார் எதிரியோ அவருக்கும் ஒரு நியாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது நாடகம் இல்லை, நோட்டீஸ் என்று தில்லியில் மூன்று வருஷம் சொல்லிச் சொல்லிக் கேட்டவன் நான். இங்கே ஒரு கயிற்றைச் சுற்றி எத்தனை நியாயம் இருக்கிறது! சாரதிக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, வரப்பில் குடையோடு நிற்கிற கோவிந்தசாமிக்கும் ஒன்று.

மறுநாள் சாரதியிடம் சொன்னேன். "நாடகத்துல நீ நடவு நடுற ஆளு."

"நானா? நான் கிராம சேவக்கா வர்றேன். எனக்கு அதானே தெரியும்?"

"அதுதான் உனக்குத் தெரியுமே. தெரியாதத செஞ்சு பாரு."

கொஞ்ச நேரம் சைக்கிள் மணியைத் தட்டிக்கொண்டே இருந்தான். "நில சொந்தக்காரர் யாரு?"

"எங்கம்மா."

அவன் என்னையே பார்த்தான். பிறகு சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் பயம்தான். எங்கள் காலனியில் பாதிப் பேருக்குக் கோவிந்தசாமியின் நிலத்தில்தான் வேலை. அவர் முகம் சுளித்தால் அத்தனை அடுப்பும் அணைந்துபோகும்.

குடை

ஒத்திகை எல்லாம் ஏரிக்குள்தான். நடவில்லாத மாதம், சாயங்காலம் எல்லோரும் வருவார்கள்.

முதல் இரண்டு நாள் அம்மாவுக்குக் குரலே வரவில்லை. "ஏண்டா" என்று சாரதியை அதட்ட வேண்டும். வாயைத் திறந்தால் "சின்னாண்டே" என்றுதான் வரும். கூட இருந்தவர்கள் சிரிக்க, அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்.

"எனக்கு வராதுடா. வேற ஆளப் பாரு."

பேச்சை விட்டுவிடச் சொன்னேன். முதலில் நடை மட்டும். அதுவும் என் மராட்டி ஆசிரியையிடம் படித்ததுதான். வாய் பொய் சொல்லும், கால் சொல்லாது என்பார். ஆபீஸ் பியூனிடம் ஒரு குடை கடன் வாங்கி அம்மா கையில் கொடுத்தேன்.

அம்மா குடையை விரித்தார். கொஞ்ச தூரம் தன் நடையிலேயே நடந்தார், வேகவேகமாக, தலை குனிந்து. பிறகு நின்றார். இடது கை தானாகப் பின்னால் போயிற்று. வயிறு முன்னால் வந்தது. ஒவ்வொரு அடியும் மண்ணைச் சோதித்துச் சோதித்து விழுந்தது. நாலு அடிக்கு ஒரு முறை அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.

அம்மாவின் உடம்பில் கோவிந்தசாமி வந்துவிட்டார்! குனிந்திருந்த சாரதி நிமிர்ந்து பார்த்து, "ஐயோ, அப்பா" என்றான்.

பேச்சு அதற்குப் பிறகு யாரும் எழுதிக் கொடுக்காமலே வந்தது. கமிஷனர் வசனத்தை எழுதிக் காட்டச் சொன்னார். "நடந்துகினே வளர்ற நாடகம் சார்" என்று சமாளித்தேன்.

சாரதி படாத பாடு பட்டான். முதல் நாளே இடுப்பைப் பிடித்துக்கொண்டான். மறுநாள் சைக்கிளில் உட்கார முடியாமல் தள்ளிக்கொண்டே வந்தான். "எப்பிடி நட்டாலும் திட்டறியே ஞானம்மா" என்றான். "நான் எங்க திட்டறேன் சின்னாண்டே? குடை திட்டுது" என்றார் அம்மா.

வட்டம்

எங்கே நடத்துவது என்பதில் கமிஷனருக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம். உத்திரமேரூர்ப் பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு, மேடை கட்டி, முன்வரிசையில் நாற்காலி போட வேண்டும் என்றார் அவர். நான் வறண்ட ஏரியில், வட்டமாக என்றேன்.

"வட்டத்துல முன்வரிசை எதுய்யா?"

"இல்ல சார். எல்லாமே முன்வரிசைதான்."

"அப்போ பெரியவங்க எங்க உக்காருவாங்க?"

தில்லியில் இப்படி ஒரு நாடகம் பார்த்திருக்கிறேன், உலகத்தில் பல இடங்களில் செய்கிறார்கள் என்றெல்லாம் சொன்னேன். அவர் அசையவில்லை. பந்தலுக்கும் மேடைக்கும் விளக்குக்கும் செலவே கிடையாது, பொழுதோடு முடித்துவிடலாம் என்றதும்தான், "அத்த முதல்ல சொல்றதுக்கு இன்னா?" என்றார்.

ஏரி எந்தத் தெருவிலும் சேராது. ஊர்க்காரர்கள் நீர் பிடிப்பதும் அங்கே, எங்கள் மாடு மேய்வதும் அங்கே. நாடகத்தன்று எல்லோரும் வந்தார்கள். ஊர்க்காரர்கள் ஒரு பக்கமாகவும் காலனிக்காரர்கள் ஒரு பக்கமாகவும்தான் உட்கார்ந்தார்கள். ஒரு நாளில் எதுவும் மாறிவிடாது. ஆனால் வட்டம் என்பதால் எதிரெதிரே உட்கார வேண்டியதாயிற்று. கூத்தின் முதுகைப் பார்த்து நின்றவர்கள் இப்போது முகத்துக்கு நேரே முகம். மேற்கே பார்த்து உட்கார்ந்தால் கண் கூசும். அந்தப் பக்கத்தை எங்கள் ஆபீஸ்காரர்களுக்கு ஒதுக்கியிருந்தேன்.

கோவிந்தசாமி மனைவியோடு வந்து, ஊர்க்காரர்களுக்கு முன்னால் துண்டை விரித்து உட்கார்ந்தார்.

எழுந்து நின்றவர்

இப்போது திரும்ப அந்த இடத்துக்கு வருகிறேன். சாரதி "இதோ ஆண்டே" என்றான். கூட்டம் அடங்கியது. கோவிந்தசாமி எழுந்தார்.

"அந்தக் கூழு பேச்ச நான் ஒருநாளும் பேசனதில்ல" என்றார். குரல் நடுங்கியது. கோபத்திலா, வேறெதிலா, தெரியவில்லை.

எங்கள் பக்கத்துப் பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அம்மா குடையை இறக்கவில்லை. நிலச் சொந்தக்காரராகவே நின்றார். எனக்கு நாடகத்தை நிறுத்திவிடலாமா என்று தோன்றியது.

அப்போது பக்கத்திலிருந்து அவர் மனைவி, மெல்லத்தான், ஆனால் அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பேசியிருக்கீங்க. போன அறுப்புல கூட."

எங்கோ ஒரு மூலையில் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. கோவிந்தசாமி வட்டத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அவருக்கு மேடை மட்டும்தான் தெரிந்திருக்கும். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு முகம்.

"அப்பா" என்றான் சாரதி, குனிந்த நிலையில் இருந்தே. "உக்காருப்பா. நீ உக்காந்தாதான் நான் நட்டு முடிக்க முடியும். இடுப்பு ஒடியுது."

இந்த முறை ஊர்ப் பக்கமும் காலனிப் பக்கமும் சேர்ந்தே சிரித்தது. கோவிந்தசாமி மகனைப் பார்த்தார். அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். வியர்வை மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எப்பலேர்ந்துடா குனிஞ்சிக்கினு கீற?"

"நீ வந்து உக்காந்ததிலேர்ந்து."

அவர் உட்காரவில்லை. வட்டத்துக்குள் நடந்து வந்தார். நேராக என்னிடம். என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். நான் பயத்தில் அதைத் தளரவிட்டிருந்தேன்.

"கயித்த இஸ்துப் புடிக்கத் தெரியாதா? இப்பிடித் தொளதொளன்னு வுட்டா வரிசை எப்பிடி வரும்? அப்புறம் நடுறவங்களச் சொல்லி இன்னா பிரயோசனம்?"

கயிற்றை வாங்கி, காலை அகட்டி நின்று, இழுத்துப் பிடித்தார். மறு நுனியில் சொக்கன். விட்டுவிடலாமா, பிடித்திருக்கலாமா என்று என்னைப் பார்த்தார். பிடித்துக்கொள்ளுங்கள் என்று தலையை ஆட்டினேன். இருவருக்கும் நடுவில் கயிறு விறைத்து நின்றது. சிவப்புத் துணிகள் ஒரே கோட்டில் வந்தன.

அம்மா ஒரு நொடி தடுமாறினார். பிறகு குடையோடு அந்தக் கயிற்றின் ஓரமாக நடந்து, அண்ணாந்து வானத்தைப் பார்த்துவிட்டு, "ம்... இப்ப நடு" என்றார்.

ஆரவாரம் ஏரிக்கரைப் பனைமரங்கள் வரை போயிற்று. கமிஷனர் கண் கூசக் கூச எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். தன்னுடைய ஏற்பாடுதான் எல்லாம் என்று பிற்பாடு பலரிடம் சொன்னாராம். சொல்லட்டும்.

அம்மா கண்டது

கதை இத்தோடு சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். கோவிந்தசாமி வீட்டுக்குப் போனதும் மகனிடம் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு மாதத்துக்கு மேல் பேசவில்லையாம். டீக்கடையில் எங்களுக்கு வைத்திருந்த தனி கிளாஸ் அப்படியேதான் இருந்தது. அது போக இன்னும் பல வருஷம் ஆயிற்று, வேறு ஆட்கள் வேறு விதமாகப் போராடித்தான் போயிற்று.

அன்று நாடகம் முடிந்து அம்மாவும் நானும் ஏரிக்குள்ளேயே நடந்து வீட்டுக்குத் திரும்பினோம். பாதி வழியில் அம்மா கேட்டார்.

"அந்தாளு ஏன் அடிக்கடி மேல பாக்கறான்னு தெரியுமா உனக்கு?"

"பழக்கம்."

"பழக்கம் இல்லடா. நானும் இத்தினி வருசமா திமிருன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். குடையப் புடிச்சிக்கினு நடந்தப்பதான் தெரிஞ்சிச்சி. மழ வருமா வராதான்னு பாக்கறான். அந்தாளுக்குப் பயம்டா. நட்டுட்டோமே, காஞ்சிப்பூடுமோன்னு பயம். அந்தப் பயத்துலதான் நம்மள வெரட்டறான்."

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் என்ன வேண்டும் என்று கேள் என்பதுதான் எனக்குக் கற்பித்த பாடம். எதற்குப் பயப்படுகிறது என்று கேட்க எனக்குத் தோன்றியதில்லை.

பிறகு நான் வானொலிக்குப் போனேன். கிராம நிகழ்ச்சிகள், நாடகங்கள் என்று அங்கேயே என் ஆயுளில் பெரும் பகுதி கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகு வாலாஜாபாத்தில் அரிசி ஆலைத் தொழிலாளர்களைச் சேர்த்துக்கொண்டு சில நாடகங்கள். பெரிய பெயர் ஒன்றும் இல்லை. ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்தில் எத்தனையோ நடிகர்கள் மாமியார், கடன்காரன், போலீஸ்காரன் என்று வில்லத்தனமாகக் குரலை உருட்டிக்கொண்டு வருவார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்பேன்: "இந்த ஆளுக்கு எதுல பயம்?" யோசிப்பார்கள். குரல் இறங்கும். மைக்குக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் வந்துவிடுவார்.

நாடகம் படித்து என்ன ஆனேன் என்று கேட்ட வாசகிக்கு இதைத்தான் சொல்ல முடியும். யாரையும் முழுசாக வெறுக்க முடியாதவனாக ஆனேன். சில சமயம் அது தொந்தரவாகவும் இருந்திருக்கிறது.

ஆனால் அம்மா என்னைப் போல அதோடு நின்றுவிடவில்லை.

புரட்டாசியில் நல்ல மழை. ஏரியில் தண்ணீர் ஏறி, நாங்கள் ஆடிய இடம் மூழ்கிப்போயிற்று. சம்பா நடவு தொடங்குகிற அன்று காலையில் அம்மா பழைய கஞ்சியைக் குடித்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நான் போய் ஆண்டைகிட்ட பேசறேன்" என்றார். கயிற்றுக்கு நடுவதென்றால் கயிறு பிடிக்கப் பெரிய ஆட்கள் வேண்டும், நாற்றுக்கட்டைப் பக்கத்தில் கொண்டுவந்து போட ஆள் வேண்டும், கூலியையும் கூட்ட வேண்டும் என்று கேட்கப் போகிறார். மற்ற பெண்கள் தயங்கினார்கள். நான் பயந்தே போனேன்.

"பாத்துப் பேசும்மா. அவர் ஏற்கனவே கோவமா கீறாரு."

அம்மா தனியாகத்தான் போனார். வரப்பில் குடையோடு நின்றவரிடம் அவர் பேசுவதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கைகட்டவில்லை. கனம் இரண்டு காலிலும் சமமாக இருந்தது. கோவிந்தசாமி முதலில் வேறெங்கோ பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார், பிறகு தலையை ஆட்டினார். முதல் வரிசைக்குக் கயிறு பிடிக்க அவரும் சாரதியுமே இறங்கினார்கள். பிறகு இரண்டு ஆட்கள் வந்தார்கள். கூலி, கேட்ட அளவு இல்லாவிட்டாலும், கூடியது.

சாயங்காலம் சேற்றுக் காலோடு வந்த அம்மாவிடம் கேட்டேன், "எப்பிடிம்மா தைரியம் வந்துச்சி?"

அம்மா காலைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "திமிரு புடிச்சவங்கிட்ட கேக்கறதுதாண்டா கஷ்டம். பயந்தவங்கிட்ட கேக்கறது சுலுவு."